ஏழாம் நம்பர் சப்பாத்து

கார்த்திகை மழையில் பத்துக் குடும்பம் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் இருந்த மலை இறங்கி வந்தது. பகல் ஒன்றரை மணி. நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நீ என்ன செய்தாய் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். மனைவியை அல்ல, தட்டை. அதில் ஒரு துண்டு கருவாடு இருந்தது.

கிருஷ்ணகுமாரி ஓடவில்லை. குசினி வாசலில் நின்று, வருகிற மண்ணைப் பார்த்துக் கையை நீட்டினாள். ரப்பர் மலையில் ஒரு கோடியில் நின்று மறு கோடிக்குக் கூப்பிடுகிற குரல் அவளுக்கு. அந்தக் குரலில் கத்தினாள்.

"சிவனே, நில்லு! ஒன் மலைக்கு நானே நடந்து வாறேன். நீ இங்க வராத!"

மண் நின்றது. குசினிச் சுவருக்கு ஆறடி தள்ளி, பெரிய பலா மரத்தில் முட்டி நின்றது. நிறுத்தியது பலா மரம் என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் நான் ஒருவன்தான் உறுப்பினர். லயத்தின் பத்துக் காம்பராக்காரரும் குமாரி கத்தியதைக் கேட்டிருந்தார்கள்.

பிறகு உத்தியோகத்தர்கள் வந்து பார்த்தார்கள். மலையில் வெடிப்பு இருக்கிறது, இங்கே குடியிருப்பது ஆபத்து என்றார்கள். சிவப்புப் பலகை ஒன்றை நட்டார்கள். பெரிய மழை வந்தால் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். வேறு இடம் எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு, பார்க்கிறோம் என்றார்கள். பலகை மட்டும் உடனே கிடைத்தது.

ஆகவே, அடுத்த மழைக்கும் எங்கள் லயத்துக்கும் நடுவில் மிஞ்சியிருந்தது இரண்டே இரண்டு. ஒன்று, வேர் பாதி வெளியே தெரிகிற அந்தப் பலா மரம். மற்றது மலைக்கு நடந்து வருவதாகக் குமாரி வைத்த நேர்த்தி. மரத்துக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நேர்த்தியைக் கழிக்கலாம். சிவனொளிபாதமலைக்கு மார்கழிப் பௌர்ணமியில் சீசன் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியான வெசாக்கோடு முடியும். வெசாக் முடிந்த கையோடு எங்கள் தெரணியகலைப் பக்கம் பெரிய மழை பிடித்துவிடும். அதற்குள் குமாரி ஏறி இறங்கிவிட வேண்டும். லயம் முழுவதும் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பார்க்க வேண்டியது காலை அல்ல, நெஞ்சை. அவளுக்குச் சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல், இருதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கி வைத்துவிட்டுப் போயிருந்தது. கரவனெல்லயில் கிளினிக். மாசி மாதம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண், சிங்களவர். பொறுமையாகப் பார்த்தார். குளிசை எழுதினார். என்னைப் பார்த்து, விரல் விட்டுச் சொன்னார். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, கால் வீங்குகிறதா, நாலு எட்டு நடந்தால் நிற்க வேண்டியிருக்கிறதா? இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கூட்டி வா. அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்காதே. அவள் சொல்லுவாள், நீ கேட்டுக்கொள்.

"வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார்.

குமாரி என்னைப் பார்த்தாள். மலை ஏறலாமா என்று நான் கேட்க வேண்டிய இடம் அதுதான். கேட்டால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்று ஒரு டாக்டர் சொன்ன பிறகு லயத்துக்குத் திரும்பிப் போய்ப் பத்துக் காம்பராவுக்கும் என்ன சொல்வது?

"கருவாடு சாப்பிடலாமா மிஸ்?" என்று கேட்டேன்.

உப்புக் கூடாது என்றார். வெளியே வந்ததும் குமாரி என் முழங்கையைக் கிள்ளினாள். "நல்ல கேள்விதான் கேட்டீங்க" என்று சிரித்தாள். இருவருக்கும் நிம்மதியாக இருந்தது.

மலைக்குப் போகிற கூட்டத்துக்கு ஒரு குரு வேண்டும். பல தடவை ஏறியவர், வழியும் முறையும் தெரிந்தவர். சின்னத்தம்பி ஆறு தடவை ஏறியவன் என்பது தோட்டத்தில் பிரசித்தம். அந்தச் சின்னத்தம்பி நான்தான். உச்சியில் ஒரு மணி இருக்கிறது; எத்தனையாவது தடவையோ அத்தனை அடி அடிக்க வேண்டும். உண்மையில் நான் ஏறியது ஐந்து தடவை. ஒரு வருசம் பாதி வழியில் தேத்தண்ணிக் கடை பெஞ்சில் தூங்கிப்போய், உச்சிக்குப் போய் இறங்கி வந்தவர்களோடு நானும் இறங்கிவிட்டேன். அடுத்த வருசம் அதையும் சேர்த்து அடித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சிவன் உட்பட.

கூட்டத்தில் பதினொரு பேர். குமாரியின் தம்பி சதீஸ், த்ரீவீல் ஓடுகிறவன், இரத்தினபுரிப் பக்கமாக ஏறலாம் என்றான். அதுதான் கஷ்டமான வழி, அதில் ஏறினால்தான் ஏறின மாதிரி என்றான். நான் நல்லதண்ணிப் பக்கம் என்று தீர்ப்புச் சொன்னேன். அங்கே படி உண்டு, விளக்கு உண்டு, கடை உண்டு, பெஞ்சும் உண்டு. குமாரிக்காகச் சொல்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். என் முழங்காலுக்காகச் சொன்னேன்.

சித்திரை வருசப் பிறப்புக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பயணம். அதற்கு மூன்று வாரம் முன்னால் மாரியம்மன் கோயிலில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டினோம். அன்றைக்குத்தான் நான் அந்தச் சட்டத்தைப் போட்டேன்.

மலையில் சில சொற்களைச் சொல்லக்கூடாது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக்கூடாது. முடியவில்லை, வலிக்கிறது, களைப்பாக இருக்கிறது என்று வாய் திறக்கக்கூடாது. சொன்னால் மலை இன்னும் உயரும். ஏறுகிற எல்லோருக்கும் தெரிந்த விசயம் இது. ஆனால் அது மலைக்கு மட்டும் உள்ள கட்டுப்பாடு. அதைக் காப்புக் கட்டிய நாளிலிருந்தே லயத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது என் சொந்தப் புத்தி. முப்பது வருசமாக மற்றவர் சொன்னதைக் கேட்டே ரப்பர் பால் வெட்டினவன். கையில் ஒரு பதவி கிடைத்தால் சும்மா இருப்பேனா?

"இன்னையிலருந்து 'முடியாது' இல்ல, 'வலிக்குது' இல்ல, 'மூச்சு வாங்குது' இல்ல" என்றேன். "சொன்னா அபராதம். ஒரு சொல்லுக்கு ஒரு கொடம். பீலியில தண்ணி புடிச்சு, அறுபத்து நாலு படி ஏறி, கோயில் தொட்டியில ஊத்தணும்."

"அப்ப என்னாதான் சொல்றது?" என்று கேட்டது அடுத்த காம்பரா இலட்சுமி அக்கா.

"சிவ சிவான்னு சொல்லுங்க."

"கால்ல முள்ளு குத்துனா?"

"சிவ சிவா."

"எம் புருசன் குடிச்சிட்டு வந்து கத்துனா?"

"அதுக்கு நீங்க வழக்கமா சொல்றதையே சொல்லலாம் அக்கா. அதுல மலை உயராது."

எல்லோரும் சிரித்தார்கள். குமாரியும் சிரித்தாள். அவள் சிரித்ததால் நான் இன்னும் நாலு பகிடி சேர்த்துச் சொன்னேன். என் வழக்கம் அது.

மறு நாளிலிருந்து லயமே விளையாட்டுத் திடல் மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சதீஸ் த்ரீவீல் டயர் மாற்றும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல் சொல்லி மாட்டினான். இலட்சுமி அக்கா முதல் வாரத்திலேயே எட்டுக் குடம். நான் போட்ட சட்டத்தில் நானே பதினொரு தடவை மாட்டினேன். கோயில் தொட்டி நிரம்பி வழிந்தது. வருசா வருசம் இப்படி நேர்ந்துகொள்ளுங்கள் என்றார் பூசாரி.

குமாரி ஒரு குடமும் தூக்கவில்லை.

"அக்காவப் பாருங்க" என்றான் சதீஸ். "ஒரு சொல்லு வருதா வாயில? நேர்த்தி வச்சவங்கன்னா அப்பிடி இருக்கணும்."

பெருமையாக இருந்தது. குருவின் மனைவி அல்லவா.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பயிற்சி. அதே அறுபத்து நாலு படிகளை ஐந்து தடவை ஏறி இறங்க வேண்டும். குமாரி முதல் வாரம் ஐந்து தடவையும் ஏறினாள். இரண்டாவது வாரத்தில் பத்துப் படிக்கு ஒரு தரம் நின்று, படியோரத்துச் செம்பரத்தையில் பூப் பறித்தாள். ஒவ்வொரு பூவையும் மெதுவாக, காம்பு காம்பாகப் பார்த்துப் பறித்தாள்.

"சாமிக்குப் பூ போதும் புள்ள, மரத்துல கொஞ்சம் விட்டு வை" என்று மேலே நின்று கத்தினேன்.

"சிவ சிவா" என்றாள்.

படுக்கையிலும் மாற்றம். பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். கேட்டதற்கு, "காப்புக் கட்டிருக்கேன்ல, ஜெபம் பண்ணிக்கிட்டே தூங்குறேன்" என்றாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. குருவான நான் குறட்டை விட்டுத் தூங்குகிறேன், சிஷ்யை ஜெபம் பண்ணுகிறாள்.

சாமான் வாங்கத் தெரணியகலைக்குப் போனோம். பளீல் நானாவின் கடை. மலைக்குப் போகிறவர்களுக்கு வேண்டிய கம்பளித் தொப்பி, ஜேர்சி, காலுக்குப் போடுகிற கம்பளி மேசு, ரப்பர் அடி வைத்த துணிச் சப்பாத்து எல்லாம் அவரிடம் இருக்கும். அவரும் இரண்டு தடவை ஏறியவர். அவருக்கு அது பாவாதமலை. ஆதம் நபியின் பாதம் அது என்பார். சிவனுடையது என்பேன் நான். கடையில் நிற்கிற சிங்கள ஆட்கள் புத்தருடையது என்பார்கள். மூன்று தரப்புக்கும் நானா ஒரே விலையில்தான் மேசு விற்றார்.

குமாரி அங்கேயே ஒரு சோடி மேசைப் போட்டுக்கொண்டாள்.

"இப்பவே எதுக்கு?" என்றேன்.

"பழகணும்ல" என்றாள். அன்றிலிருந்து அவள் அதைக் கழற்றவில்லை. சித்திரை வெயிலில் கம்பளி மேசோடு பால் வாளி தூக்கினாள். லயத்தில் அதையும் பக்தியில் சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு சப்பாத்து. நானா ஐந்தாம் நம்பரை எடுத்து வைத்தார். கால் போகவில்லை. ஆறு. போகவில்லை. "ஏழு குடுங்க நானா" என்றாள் குமாரி, தலையைக் குனிந்துகொண்டு.

நானா என்னைப் பார்த்தார். "தம்பி, போன தீவாளிக்கு ஒங்கட வீட்டுக்காரி அஞ்சாம் நம்பர் செருப்புத்தானே எடுத்தாங்க. இது என்ன, ரெண்டு நம்பர் கூடீக்கி?"

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எனக்கு ஆள் கூட்டம் கண்டால் நாக்கு நிற்காது.

"மலைக்கு நேர்ந்துக்கிட்டதுல பாதம் பெருசாயிருச்சு நானா. இன்னும் ரெண்டு வாரத்துல சிவன் பாதம் அளவுக்கு வந்துரும். அப்பறம் நாங்க மலைக்குப் போகவே தேவல்ல, எல்லாரும் இங்க வந்து கும்பிட்டுட்டுப் போகலாம்."

கடையே சிரித்தது. குமாரியும் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, சாமான் அடுக்குகிற ராக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பளீல் நானா மட்டும் சிரிக்கவில்லை. சாமானைக் கட்டிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, அவங்களுக்கு மூச்சு வாங்குது போல. ஒருக்கா டாக்டர்ட காட்டுங்களேன்" என்றார்.

"நானா, அந்தச் சொல்லச் சொன்னா எங்க லயத்துல ஒரு கொடம் தண்ணி அபராதம்."

"நான் ஒங்கட கூட்டத்துல இல்லயே. அதாலதான் செல்றேன்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது நானா சொன்னதை நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். குமாரி பக்கத்தில் சப்பாத்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். என் பதவிக்கு ஏற்ற மாதிரிதான் கேட்டேன்.

"ஏன் புள்ள, எல்லாம் சிவ சிவாதானே?"

"சிவ சிவாதான்" என்றாள்.

இருவரும் சட்டத்துக்குள் நின்று பேசிக்கொண்டோம்.

வரக்காப்பொலயில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் ஷாமிளா போன் எடுத்தாள். "அப்பா, அம்மாட கொரலு ஏன் அப்பிடி இருக்கு? பாதியில நின்னு நின்னு பேசுறாங்க."

"காப்புக் கட்டிருக்கா. அதிகம் பேசக்கூடாது" என்றேன்.

புதன்கிழமை காலை, பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், மூட்டை கட்ட உட்கார்ந்தோம். கற்பூரம், அவல், புளிச்சோற்றுக்குப் புளிக்காய்ச்சல், இலட்சுமி அக்கா கொடுத்த தைலம். கடைசியாக ஊசியும் வெள்ளை நூலும். முதல் தடவை ஏறுகிறவர்கள் வழியில் ஓரிடத்தில் நூல் கோத்த ஊசியைப் போட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். குமாரிக்கு இது முதல் தடவை. வேறு யாரும் கோத்துக் கொடுக்கக்கூடாது, அவளேதான் கோக்க வேண்டும் என்றேன். அதுவும் குருவின் உத்தரவு.

வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஊசியைத் தூக்கிப் பிடித்தாள். நூல் காதுக்கு வெளியே போனது. மறுபடியும் எச்சில் தொட்டு முறுக்கினாள். மறுபடியும் வெளியே போனது. வெள்ளெழுத்து வந்துவிட்டதா என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் உதட்டைப் பார்த்தேன். நாவற்பழம் தின்ற பிள்ளையின் உதடு மாதிரி இருந்தது. ஊசி மடியில் விழுந்தது. இரண்டு கையையும் தரையில் ஊன்றி முன்னால் குனிந்துகொண்டாள். தோள்கள் ஏறி இறங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் சொன்னாள். முதலில் "சிவ சிவா" என்று முழுதாக. பிறகு ஒரு மூச்சில் இரண்டு சொல் அடங்கவில்லை. "சிவ" என்றாள். நின்றாள். "சிவ" என்றாள்.

சதீஸின் த்ரீவீலில் ஏற்றினோம். நான் அவளைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டேன். சாய்த்தால் துடித்தாள், நிமிர்த்தினால் கொஞ்சம் பரவாயில்லை. கரவனெல்ல வரைக்கும் வளைவு வளைவான ரோட்டு. சதீஸ் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

"மச்சான், அக்காவுக்கு மூச்..." என்று தொடங்கி நிறுத்தினான். கையில் மஞ்சள் காப்பு. வாயை மூடிக்கொண்டான். பிறகு "சிவ சிவா" என்று சொல்லிவிட்டு, முழங்கையால் கண்ணைத் துடைத்தான்.

அந்த நிலைமையிலும் மூன்று பேரும் சட்டத்தை மீறவில்லை.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் இருந்தார். மூக்கில் ஒட்சிசன் வைத்தார்கள். தாதி குனிந்து, கம்பளி மேசைக் கீழே உருட்டிக் கழற்றினார். மேசின் பட்டி இருந்த இடத்தில், கயிறு கட்டி இறுக்கினது போல ஆழமான ஒரு வட்டம். அதற்குக் கீழே இருந்தது குமாரியின் கால் என்று எனக்குத் தெரியவில்லை. பளபளவென்று, கணுக்கால் எலும்பே இல்லாமல் இருந்தது. தாதி பெருவிரலால் அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. அந்தக் குழி அப்படியே நின்றது. அது மேலே வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வரவில்லை.

டாக்டர் குமாரியின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். "ஹுஸ்ம கண்ட அமாருத அம்மே? கவத இந்தலத?" மூச்சு எடுக்கக் கஷ்டமா, எப்போதிருந்து என்று கேட்டார்.

"நே மிஸ்" என்றாள் குமாரி. இல்லையாம்.

படுத்தால் முட்டுமா என்றார். "நே." கால் எப்போது வீங்கினது? "நே." வலி? "நே, நே." ஒவ்வொரு 'நே'க்கும் ஒரு மூச்சுச் செலவானது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிய பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி. ஒரு குடம்கூட இல்லை, பார்த்தீர்களா என்கிற மாதிரி.

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ சொல்" என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வாரமாக உட்கார்ந்தே தூங்கினாள் என்றேன். பத்துப் படிக்கு ஒரு தரம் நின்றாள் என்றேன். இரண்டு நம்பர் பெரிய சப்பாத்து வாங்கினாள் என்றேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது, இவ்வளவும் நான் பார்த்திருக்கிறேன் என்று. கடைசியில் "பே மிஸ்" என்றேன். "எயாட்ட பே." அவளால் முடியாது மிஸ்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. வேலையில் இறங்கிவிட்டார். ஊசி போட்டார்கள், வயரைப் பூட்டினார்கள், கொழும்புக்குப் போன் பேசினார்கள். திட்டியிருக்கலாம்.

பின்னேரம் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். கட்டிலைப் பாதி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"சொல்லிட்டீங்களே" என்றாள்.

போர்வையை அவள் கால்வரை இழுத்துவிட்டேன்.

"மழ வரப் போகுது. மலையப் பத்தி... அப்பிடிச் சொல்லிட்டீங்களே."

அவளைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "தமிழ்லயா சொன்னேன்? சிங்களத்துலதானே சொன்னேன். சிவனுக்கு வெளங்கியிருக்காது" என்றேன்.

அந்த மலையில் சிங்களம் பேசுகிறவர்கள்தான் அதிகம் ஏறுகிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்தெட்டு வருசத்தில் என் பகிடிக்கு அவள் சிரிக்காதது அன்றைக்கு மட்டும்தான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போய்விட்டாள். கொழும்புக்குக் கொண்டுபோக அம்புலன்ஸ் வாசலுக்கு வந்து நின்றிருந்தது.

வெள்ளிக்கிழமை, மலைக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில், பேசி வைத்த வேன் லயத்துக்கு வந்துவிட்டது. யாரும் அந்தச் சாரதிக்குச் சொல்லவில்லை. சவப்பெட்டியைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, ஒரு ஓரமாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.

குளிப்பாட்டிச் சேலை கட்டின பிறகு இலட்சுமி அக்கா சப்பாத்துப் பெட்டியோடு வந்தது. "நடந்து வாறேன்னு சொன்னவ தம்பி. வெறுங்காலோட அனுப்பக்கூடாது" என்றது. ஷாமிளா அம்மாவின் காலைப் பிடித்துக்கொள்ள, சதீஸ் போட்டுவிட்டான். ஏழாம் நம்பர் அளவாக இருந்தது. கொஞ்சம் இறுக்கம் என்றுகூடச் சொல்லலாம்.

"என்கிட்டயாவது சொல்லிருக்கலாமே" என்று ஷாமிளா திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

சாவு வீட்டுக்காரர் ஒரு வருசத்துக்கு அந்த மலை ஏறக்கூடாது. எங்கள் லயத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். நூறு வருசமாகப் பத்துக் காம்பராவுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தால் அப்படித்தான் ஆகும். மிச்சப் பத்துப் பேருக்கும் தீட்டு. ஒருவரும் போகவில்லை. காப்பு நூலை அறுத்துப் பீலித் தண்ணீரில் விட்டோம். வெசாக் வந்தது, தெரணியகலை முழுக்க வெளிச்சக் கூடு கட்டினார்கள், சீசன் முடிந்தது. மலை உச்சியில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

மழை பிடித்து இன்றைக்கு ஒன்பது நாள். லயத்துச் சனம் பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறது. வெடிப்பு ஒரு சாண் அகன்றிருக்கிறது. நான் காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். பலா மரம் லயத்துப் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. என் கட்சிக்கு இருந்த ஒரே ஆதாரமும் சாய்கிறது.

முப்பத்தொராம் நாள் காரியம் கழிந்துவிட்டதால் கோயிலுக்குப் போகலாம் என்றார் பூசாரி. நேற்றுப் பின்னேரம் மழை கொஞ்சம் விட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். தெறிக்கிற தண்ணீரில் இலட்சுமி அக்கா சட்டி கழுவிக்கொண்டிருந்தது.

"எதுக்கு தம்பி இந்த மழையில தண்ணி? தொட்டி நெரம்பித்தானே கெடக்கு."

"அபராதம் அக்கா. ஆஸ்பத்திரில ஒரு சொல்லு சொன்னேன்."

அக்கா சட்டியைக் கீழே வைத்தது. "அது அவ உசுருக்காகச் சொன்னது. அதுக்கெல்லாம் யாரு போட்டா அபராதம்?"

"குருதான்" என்றேன்.

"அந்தக் குருவ என் கையில குடு" என்றது அக்கா. அழுகிறதா திட்டுகிறதா என்று தெரியவில்லை. நானும் நின்று பார்க்கவில்லை. குடத்தைத் தோளில் வைத்து ஏறினேன்.

பத்தாவது படியில் செம்பரத்தை. மழையில் பூவெல்லாம் கூம்பி நின்றது. இருபதாவது படியில் இன்னொரு செடி. முப்பதாவதில் இன்னொன்று. அவள் நின்ற இடங்களை எண்ணிக்கொண்டே ஏறினேன். நாற்பதில் நானும் நின்றேன். எனக்கு இருதயம் சுத்தம், டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் கால் எடுத்து வைக்க வரவில்லை. சுற்றிலும் ஒருவரும் இல்லை.

"முடியல, குமாரி" என்றேன். வாய் விட்டுத்தான் சொன்னேன்.

பிறகு மிச்சப் படியையும் ஏறி, நிரம்பி வழிகிற தொட்டியில் குடத்தைக் கவிழ்த்தேன். திரும்பப் பீலிக்கு இறங்கினேன். இன்னொரு குடம் பாக்கி இருந்தது.